ரெண்டு ரிங் விடுவேன், எடுக்காதே

பாப்பா,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்க மாட்டேன். நேற்று மத்தியானம் நீயும் உன்னோடு தங்கியிருக்கிற இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பரோட்டாவைத் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டும் படத்தை நம் குடும்ப குரூப்பில் போட்டிருந்தாய். பரோட்டா தின்கிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். உன் அப்பன் எப்படி இருக்கிறான் என்று நீ கேள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கையெழுத்துப் போடும்போதே நாக்கு வெளியே வந்துவிடும் ஆள், இப்போது தண்ணி லாரியின் கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறேன். பேனா கிடையாது, காகிதம் கிடையாது. தீபாவளிக்கு நீ வாங்கிக் கொடுத்தாயே அந்தப் போன், அதில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக் படம் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுப் பேசினால் போதும். நான் பேசப் பேச எழுத்து வருகிறது. தரைக்குக் கீழே இருக்கிற சம்ப்புத் தொட்டியில் ஹோஸைப் போட்டு வால்வைத் திறந்த மாதிரி கொட்டுகிறது.

உனக்கு இது பழைய செய்தியாக இருக்கும். எனக்கு நாலு நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறேன், வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. கையில் போன். முதலாளிக்கு வந்துவிட்டேன் என்று வழக்கம்போல ஒரு கட்டைவிரல் படம் அனுப்பப் பார்க்கிறேன், என் விரல் எங்கேயோ பட்டிருக்கிறது. நான் வெளியே தலையை நீட்டி, "அண்ணா, கேட்டைத் தொற! சம்ப்பு காலின்னு உங்காளுங்கதான் காலையிலேர்ந்து கத்திகினு கீறாங்க!" என்று கூவினேன். திரும்பிப் பார்த்தால் போனில் எழுத்து நிற்கிறது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'அண்ணா கேட்டை துற சொம்பு காலி' என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சம்ப்பைச் சொம்பாக்கிவிட்டது, அது கிடக்கட்டும். நான் கத்தியது எழுத்தாகிவிட்டதே! கேட் திறந்து, பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடித்து, வாட்ச்மேன் அண்ணன் வந்து கதவைத் தட்டி, "இன்னா டிரைவரே, அழுவுறியா?" என்று கேட்கிற வரைக்கும் நான் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறை உண்டு. இந்தப் போனுக்கு நம் தமிழ் தெரியாது. 'வூட்டாண்ட வந்துகினு கீறேன்' என்று சொல்லிப் பார்த்தேன். 'ஊட்டி ஆண்டவர் கீரை' என்று போட்டது. சரி, இதற்குப் பெரிய இடத்துத் தமிழ்தான் பிடிக்கும் போல என்று டிவியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினேன். உடனே ஒழுங்காக எழுதியது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் உன் அப்பன் கோட்டு போட்ட மாதிரி இருக்கிறான். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "இன்னாயா, தனியா குந்திகினு மேடைப் பேச்சு பேசற? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்றாள். இந்த மாதிரி நம் ஆட்கள் பேசுகிற இடங்களை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி விரலால் குத்தியிருக்கிறேன். உன் அம்மாவின் அந்த ஒரு வரியைக் குத்தி முடிப்பதற்குள் ஒரு லோடு தண்ணி இறங்கிவிட்டது.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் குடும்ப குரூப்பில் போடப் போகிறேன். உன் சித்தி, பெரிய மாமா, நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டுகிற ஆட்கள் எல்லோரும் படிக்கட்டும். காரணம் பின்னால் வரும். நீ நாளை வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக லாரியில் பாட்டுக்கூடப் போடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சேலையூரில் நம் வீட்டுக்கு வந்து, சுடிதார் ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு பரணில் ஏறினாயே, அதைத்தான் சொல்ல வருகிறேன். "இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடறேன்மா, பாதி வீடு காயலாங்கடைக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு, மேலே இருந்து ஒவ்வொன்றாக இறக்கினாய். நான் கீழே நின்று பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டேன். முதலில் டேப் ரிக்கார்டர். கேசட் போடுகிற கதவைத் திறந்தால், மூன்று வயதில் நீ அதற்கு ஊட்டிவிட்ட பிஸ்கட் தூளாக உள்ளே கிடந்தது. பிறகு விசிடி பிளேயர். கீறல் விழுந்த வட்டை நான் பற்பசை போட்டுத் தேய்த்து, படம் பாதியில் நின்று, சண்டைக் காட்சியில் வில்லன் தூக்கிய கை தூக்கியபடியே அரை மணி நேரம் நின்றதே, அந்தப் பிளேயர். பிறகு வளைந்துபோன ஆண்டெனா. நான் மொட்டை மாடியில் அதைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா?" என்று கத்துவேன். வாசலில் அம்மா "புள்ளி புள்ளியா கீது!" என்பாள். நடுவில் நீ நின்று இரண்டையும் மாற்றிச் சொல்லி எங்களுக்குள் சண்டை மூட்டுவாய். தெரிந்தாலும் தெரியவில்லை என்பாய். கள்ளி, நான் மாடியில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கத்தானே அப்படிச் செய்தாய்? எனக்கு அப்போதே தெரியும்.

சாக்கு நிறைந்துகொண்டே வந்தது. மல்லாக்கப் படுக்க வைத்தால் மட்டும் ஓடுகிற அலாரம் கடிகாரத்தை நீ தூக்கியபோது நான் தடுத்தேன், அது இன்னும் ஓடுகிறது, அதன் உடம்புக்கு அப்படிப் படுத்தால்தான் ஒத்துக்கொள்கிறது, நமக்கு என்ன நஷ்டம். கிரைண்டர் பக்கம் நீ திரும்பிப் பார்த்தாய், அவ்வளவுதான். அம்மா அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, "இத்த எடுக்கணும்னா என் மேல ஏறிப் போய் எடு" என்றாள். சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நீ பரணின் மூலையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்துத் துடைத்தாய். என் பழைய பட்டன் போன். தலையில் டார்ச் இருக்குமே, அது.

"அய், அப்பா போன்! சார்ஜ் போட்டா உயிர் வரும்பா. பழைய மெசேஜ் எல்லாம் உள்ளே இருக்கும், படிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாய். நான் அதைப் பிடுங்கினேன். பிடுங்கியதோடு விடாமல், "வை அத்த! கண்டதையும் நோண்டாத!" என்று கத்திவிட்டேன். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், அம்மாவிடம் சொல்வது மாதிரி அந்தச் செய்தியைச் சொன்னாய். உங்கள் கம்பெனியில் உன்னை இரண்டு வருஷம் ஜெர்மனிக்குப் போகச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், நீ வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாய். அம்மா பதறிப்போய், "ஏன்டீ, அப்பாவ ஒரு வார்த்தை கேளேன்" என்றாள். அதற்கு நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "எதுக்கும்மா கேக்கணும்? கோயம்புத்தூருக்கே விடாதவரு, ஜெர்மனிக்கா விடப் போறாரு?"

நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். நன்றாக உட்கார்ந்து படி.

அதற்கு முன்னால் நம் வீட்டு ரிங் கணக்கைக் குரூப்பில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பேசினால் காசு போகிற காலத்தில் நாம் மூன்று பேரும் பேசாமலே பேசினோம். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், கிளம்பிவிட்டேன். இரண்டு ரிங் என்றால், சரி. மூன்று ரிங் என்றால் ஆபத்து, எது கையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வா. எடுக்கக் கூடாது, எண்ண வேண்டும். இதுதான் சட்டம். ஒருநாள் காலையில் அம்மாவிடம், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைப்பதாக இருந்தால் ரெண்டு ரிங் விடு, நான் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பெரும்பாக்கத்தில் முழு லோடோடு நிற்கிறேன். ரிங் வருகிறது. ஒன்று. இரண்டு. ஆகா, கருவாடு என்று நாக்கைச் சப்புக்கொட்டினேன். மூன்றாவதும் அடித்தது! அவ்வளவுதான். இறக்க வேண்டிய தண்ணியை இறக்காமல், லாரியோடு நேராக நம் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டிரான்ஸ்பார்மருக்கும் எதிர்வீட்டு மதிலுக்கும் நடுவில் லாரி போய் ஆப்பு மாதிரி நின்றது. அம்மா வாசலில் கரண்டியோடு நிற்கிறாள்.

"இன்னாயா, சோறு துன்ன லாரியோடயா வந்த?"

"மூணு ரிங் வந்துச்சேடீ! யாருக்கு இன்னா ஆச்சு?"

"அய்யய்யோ, ரெண்டுதான்யா வுட்டேன். பட்டன் அமுங்கல!"

அதற்குள் தெரு முழுக்கக் குடத்தோடு வந்துவிட்டது. கனம் குறைந்தால்தான் வண்டியை ரிவர்ஸ் எடுக்க முடியும் என்று எவனோ ஒரு விஞ்ஞானி சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு, பச்சைக் குடம் சிவப்புக் குடம் ஊதாக் குடம் என்று ஒரு சொட்டு விடாமல் பிடித்துவிட்டார்கள். நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். லாரி மேலே ஏறி உட்கார்ந்து கலெக்டர் மாதிரி வரிசையை ஒழுங்குபண்ணினாய். "அக்கா, நீங்க ரெண்டாவது தடவை வர்றீங்க!" என்று விரலை நீட்டினாய். முதலாளியிடம் நான் வாங்கிய திட்டை இந்தப் போன் எழுதாது, அதன் மைக் கருகிவிடும். ஆனால் கருவாட்டுக் குழம்பு அன்றைக்கு அருமை.

சிரித்துவிட்டாயா? இப்போது சிரிக்காமல் கேள். ரிங்கை எண்ணுவதில் நான் கெட்டிக்காரன். அந்தப் போனில் நான் கெட்டிக்காரனாக இருந்தது அது ஒன்றில்தான். எனக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது, பாப்பா. அப்போதும் தெரியாது. தமிழ் எழுத்தென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிடுவேன், பஸ் போர்டு, கடைப் பலகை எல்லாம் அப்படித்தான். அந்தப் போனில் தமிழ் கிடையாது. நீங்களெல்லாம் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்பினீர்கள். எனக்கு இங்கிலீஷில் ஒன்று இரண்டு மூன்று தெரியும், அதற்குமேல் அந்த எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு வரிசை. நீ 'அப்பா சாப்டியா' என்று அந்த எழுத்தில் அனுப்பியிருப்பாய். நான் போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டி, "பாத்தேன் பாத்தேன்" என்பேன். வேலை மெசேஜ் வந்தால், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி டீக்கடையில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வேன். எத்தனை வருஷம் ஒரு மனிதன் கண்ணில் தூசி விழும்? டீக்கடைக்கார அண்ணன் ஒருநாள், "கண் டாக்டராண்ட போ டிரைவரே, இல்லனா ரோட்டை மாத்து" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் புரியாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் இங்கிலீஷே படித்திருக்கலாம்.

விளம்பர மெசேஜ் நிறைந்து, திரையில் கடித உறைப் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பேஜார். மொபைல் கடையில் ஒருவர் அழிக்கிற வழியைச் சொல்லிக் கொடுத்தார். இடது பட்டன், கீழே, கீழே, நடுப் பட்டன். அதை மந்திரம் மாதிரி பாடம் பண்ணிக்கொண்டேன். உறை வந்தால், இடது, கீழே, கீழே, நடு. இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கட்டைவிரல் சொல்லும்.

நீ பன்னிரண்டாவது முடித்து அம்மாவோடு கவுன்சிலிங் போன அன்றைக்கு, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சம்ப்பில் தண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். ஹோஸ் கசிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பையில் போன் கீச்சென்றது. எடுத்தேன். உறை. திறந்தேன். திரை நிறைய எழுத்து. நிறைய எழுத்து இருந்தால் கம்பெனி விளம்பரம், கொஞ்சமாக இருந்தால் வீட்டு ஆள், இது என் கணக்கு. ஈரக் கட்டைவிரலால் இடது, கீழே, கீழே, நடு. போனைப் பையில் போட்டுவிட்டு வால்வைப் பார்க்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். நீ பையை வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போனாய். அம்மாதான் கேட்டாள். "ஏன்யா ரிங் வுடல? உள்ள போன்ல பேசக் கூடாதுன்ட்டாங்க, அதான் அவ உனக்கு மெசேஜ் போட்டா. கோயம்புத்தூர்ல நல்ல காலேஜ், அவ கேட்ட மிஷின் படிப்பு, ஆஸ்டல்ல தங்கணும், சரின்னா ரெண்டு ரிங் வுடுப்பான்னு. ஸ்கிரீன்ல சீட்டு ஒண்ணொண்ணா கொறையுது, போனையே பாத்துகினு குந்திகினு இருந்தா புள்ள. நீ வுடவே இல்ல. அப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லி, இங்கயே பஸ்ல போய் வர காலேஜா எடுத்துட்டா."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படிக்கத் தெரியாது, அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அங்கே யார் காலிலாவது விழுந்து கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ. உன் அப்பன் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "எனக்குப் புடிக்கல. அதான் வுடல." சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன், ஏதோ பெரிய மனிதன் மாதிரி. குளியலறையில் தண்ணி ஊற்றுகிற சத்தம் நின்றது. உனக்குக் கேட்டுவிட்டது.

அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்கிறேன். பெரிய மாமா ஒவ்வொரு கல்யாணத்திலும், "பொண்ண தாம்பரம் தாண்ட வுடாதவன்யா எங்க மச்சான்" என்று சொல்வார். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். கண்டிப்பான அப்பன் என்று பேர் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. எழுத்துத் தெரியாத அப்பன் என்பதைவிட அது கௌரவமாக இருந்தது. மாமா, நீங்களும் இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? இனிமேல் அந்த வசனத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நான் பெண்ணைத் தடுத்தவன் இல்லை. பட்டனைத் தப்பாக அமுக்கியவன். அதை மறைப்பதற்குத் தடுத்தவன் வேஷம் போட்டேன். இதற்காகத்தான் குரூப்பில் போடுகிறேன். பொய்யை எல்லோருக்கும் முன்னால் சொன்னேன், உண்மையைத் தனியாகச் சொன்னால் கணக்கு சரிவராது.

அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை, பாப்பா. சொல்வாய், கேட்க மாட்டாய். வேலை கிடைச்சிடுச்சுப்பா என்று சொன்னாய். மேடவாக்கத்தில் ரூம் எடுத்துட்டேம்ப்பா என்று சொன்னாய். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. நான் கேலி பண்ணினால் சிரிப்பாய், பதிலுக்குக் கேலி பண்ணுவாய், நம் இரண்டு பேருக்கும் அதில் குறைச்சலே இல்லை. ஆனால் அந்த 'ட்டுமா' போய்விட்டது. ஐந்து வயதில் ஒரு நாளைக்கு நூறு ட்டுமா போடுவாய். அப்பா, இந்த ரேடியோவைத் திறக்கட்டுமா, அப்பா, உள்ளே இருக்கிற ஆளைப் பார்க்கட்டுமா. ஸ்குரூ டிரைவரை நான்தான் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று அழுதாய்.

இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? துணி துவைக்கிற மிஷினுக்கு மூளை எழுதுகிறாள் என் பெண் என்று சொல்கிறேன். டீக்கடையில் ஒருவர் நம்பவில்லை. "மிஷினுக்கு ஏது டிரைவரே மூளை?" என்றார். உனக்கே இருக்கும்போது அதற்கு இருக்கக் கூடாதா என்று கேட்டேன். கோயம்புத்தூரில் படிக்க வேண்டிய மிஷின் படிப்பை நான் ஈர விரலால் அழித்தும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வேறு எதையோ படித்து, சுற்றி வளைத்து நீ மிஷினிடமே போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு அதை நினைத்தால் லாரியை நிறுத்திவிட்டு விசில் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு விஷயம், உன் அம்மாவிடம் இரண்டு தொட்டி மிஷின்தான் இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கம் துவைத்து, கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டுப் பிழிகிறாள். புது மிஷின் வாங்கலாம் என்றால், "மூளை இருக்கற மிஷின் என் பேச்சைக் கேக்காது" என்கிறாள். வீட்டில் மூளை உள்ளவர்கள் யாரும் அவள் பேச்சைக் கேட்பதில்லை என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குக் குழம்பு இல்லை, ரசம்தான்.

எனக்கு உபதேசம் பண்ணுகிற தகுதி இல்லை. இருந்தாலும் கையில் மைக் இருக்கும்போது விட மாட்டேன். ஜெர்மனியில் முதலில் ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொள். அவர்கள் பாஷையில் 'தெரியாது' என்பதற்கு என்னவோ அது. விமானத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே கற்றுக்கொள். அது வாயில் வராமல்தான் நான் பத்து வருஷம் கண்ணில் தூசியோடு அலைந்தேன். யாராவது உனக்கு நிறைய எழுத்து அனுப்பினால் விளம்பரம் என்று நினைக்காதே, நிறைய எழுதுகிறவர்களுக்குத்தான் அவசரம். சின்னக் குக்கரைக் கொண்டு போ, அதன் ரப்பர் வளையத்தில் இரண்டு அதிகமாக எடுத்துக்கொள், அந்த ஊர்க் கடையில் கைஜாடையில் அதை விளக்க உன்னால் முடியாது. மல்லாக்கப் படுக்கிற கடிகாரம் வேண்டும் என்றால் தருகிறேன். ஆனால் அங்கேயும் அது மல்லாக்கத்தான் படுக்கும், விசா கிடைத்தாலும் அதன் குணம் மாறாது.

அந்தப் பட்டன் போனை நான் ஏன் பிடுங்கினேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த மெசேஜ் அழிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்து, நீ உரக்கப் படித்துவிடுவாயோ என்று ஒரு பயம். நேற்று அதைத் தாம்பரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடையில் இருந்த பெண், சின்ன ஊசி வைத்த சார்ஜரை எங்கிருந்தோ தேடி எடுத்துச் சொருகினாள். கொஞ்ச நேரம் செத்த மாதிரி கிடந்தது. பிறகு விளக்கு எரிந்தது பார், நான் கைதட்டிவிட்டேன்! மெசேஜ் இருக்கிற இடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல அங்கிள், காலி" என்றாள். இன்னும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். "யாராவது முக்கியமானவங்க அனுப்புனதா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். கண்ணில் தூசி என்று சொல்லவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, நானே அழித்துவிட்டேன் என்று முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இந்தப் போனில் இருக்கிற சின்ன சிம்மை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்தால் பழைய போனிலும் வேலை செய்யும் என்று சொல்லி, அந்தச் சட்டத்தை என் கையில் கொடுத்தாள்.

இப்போது நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறேன். இதைக் குரூப்பில் அனுப்புவேன். நீ படித்துவிட்டாய் என்று உன் பேருக்கு நேராக நீல டிக் வருகிற வரைக்கும் காத்திருப்பேன். வந்ததும் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போடுவேன். எந்தப் போனிலிருந்து அன்றைக்கு வந்திருக்க வேண்டுமோ அந்தப் போனிலிருந்தே உனக்கு ரெண்டு ரிங் விடுவேன். பட்டன் அமுங்குகிறதா என்று பத்து தடவை பார்த்துவிட்டேன், நன்றாக அமுங்குகிறது, மூன்றாவது வராது. கோயம்புத்தூருக்கு நான் விட்டிருக்க வேண்டிய ரெண்டு ரிங் அதுதான். ஜெர்மனிக்கும் அதே ரெண்டு ரிங்தான். நாளைக்கு ஆபீசில் போய் உனக்கு எது வேண்டுமோ அதைச் சொல். அப்பா விடமாட்டார் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு.

ஒன்றே ஒன்று, பாப்பா. இப்போதெல்லாம் யாருக்கும் எண்ணத் தெரிவதில்லை. மணி அடித்த உடனே எடுத்துவிடுகிறீர்கள். தயவுசெய்து எடுக்காதே. போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணு. எடுத்தால் நான் பேச வேண்டியிருக்கும். இந்தப் போனிடம் பேசுகிற மாதிரி உன்னிடம் எனக்குக் கோட்டு போட்டுப் பேச வராது. நம் தமிழில்தான் வரும். நம் தமிழில் ஆரம்பித்தால், போவாதடீன்னு வந்துவிடும்.